சாய்ந்ததையே வாங்குங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு பார்த்துக்கொண்டே, வார விடுமுறை கிடைத்ததும் பழவேற்காட்டு ஏரிக்கரைக்குப் பறவை பார்க்கக் கிளம்பிவிடும் நண்பர்களுக்கு,



நீங்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, தூரத்துப் பறவையைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. கண் வைக்கும் பகுதியும் குழாயும் ஒரே கோட்டில் இருக்கும் நேர்க்குழாய் ஸ்கோப்தான் வாங்குவது என்று உங்களில் பாதிப் பேர் ஏறக்குறைய முடிவே செய்துவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். அதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. பணம் கைமாறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலோர் கான்ட்ராக்ட் சம்பளக்காரர்கள். தப்பான பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அலமாரியில் வைத்துப் பூட்டும் வசதி நமக்குக் கிடையாது.

நேர்க்குழாய் மேல் இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அமெரிக்க மலைகளில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் எடுக்கும் காணொளிகளை நீங்கள் பார்க்கிறீர்கள். தொப்பி வைத்த ஒருவர் பாறை மேல் உட்கார்ந்து, பைனாகுலரால் எதிர்ச்சரிவைத் துழாவுகிறார். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிப் புதருக்குள் ஏதோ அசைகிறது. பைனாகுலரைக் கீழே விட்டுவிட்டு ஸ்கோப்பில் கண்ணை வைத்து, கொம்பில் எத்தனை கிளை என்று எண்ணுகிறார். சுடத் தகுந்த மான்தானா என்று தெரிந்துகொள்ளாமல் அரை நாள் மலையேறிப் போக அவருக்கு மனமில்லை. அவருக்கு நேர்க்குழாய் பொருத்தமான கருவி. பைனாகுலர் பார்த்த திசையிலேயே குழாயும் பார்க்கிறது, அதனால் தேடாமல் பிடித்துவிடலாம். ஜீப் கண்ணாடியில் கிளிப் போட்டு மாட்டலாம். முதுகுப்பையில் கட்டை மாதிரிச் செருகலாம். மேட்டிலிருந்து பள்ளத்தைப் பார்க்கக் கழுத்தும் வளைய வேண்டாம்.

அவர் சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் அதைச் சொல்கிறவர் தனியாள். கூடப் போனால் ஒரு துணை இருப்பார். அவர் இடத்தில் உங்களை வைத்துப் பார்த்ததுதான் பிசகு.

வேட்டைக்காரர்களிலேயே இதில் ஒருமித்த கருத்து கிடையாது என்பதையும் கவனியுங்கள். அடிவாரத்தில் நின்று செங்குத்தான சரிவுகளை அண்ணாந்து பார்க்க வேண்டியவர்கள், கண் வைக்கும் பகுதி மேல்நோக்கிச் சாய்ந்த ஸ்கோப்பைத்தான் வாங்குகிறார்கள். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களும் அப்படித்தான். பெரிய நிறுவனங்கள் இரண்டு சாராரையும் விட்டுக்கொடுப்பதில்லை. ஜப்பானின் கோவா ஒரே 88 மில்லிமீட்டர் குழாயை 883 என்று சாய்வாகவும் 884 என்று நேராகவும் விற்கிறது. ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கியில் ஏடிஎக்ஸ் சாய்ந்தது, எஸ்டிஎக்ஸ் நேரானது. நிக்கானின் மோனார்க் 82 மில்லிமீட்டரில் பெயரின் கடைசியில் ஏ இருந்தால் சாய்வு, எஸ் இருந்தால் நேர். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். கடையில் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே அந்த எழுத்தைப் பார்த்துவிடுங்கள். பிரித்த பிறகு பார்த்தால் கடைக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே வேட்டைக்கு இடமில்லை. 1972இன் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. சுடுவதும் கண்ணி வைப்பதும் மட்டுமல்ல, காட்டுப்பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதுகூட அந்தச் சட்டத்தின் கணக்கில் வேட்டைதான். நம் செல்போன் கேமராக்காரர்கள் இந்த வரியை ஒருமுறை படித்துவிட்டால் தேவலை. சென்னையைச் சுற்றியுள்ள வயல்களிலும் ஏரிகளிலும் துரைமார்கள் ஒரு காலத்தில் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளான் சுடத் திரிந்தார்கள். அந்தக் காலம் போய்விட்டது, போனது நல்லதுதான். இரவில் வலை விரித்துக் கொக்கும் உள்ளானும் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அது வேறு மடலுக்கான விஷயம். வேட்டைக்காரருக்காகச் செய்த கருவியை நாம் வேறு வேலைக்கு எடுக்கிறோம், அதனால் அவர் சொன்ன காரணங்களைக் கழற்றி வைத்துவிட்டு எடுக்க வேண்டும் என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்தது.

நாம் எப்படிப் பார்க்கிறோம்? அண்ணாமலைச்சேரிக் கரையில் ஏழெட்டுப் பேர் நிற்கிறோம். அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் சேற்றுத்திட்டில் முந்நூறு நானூறு பறவை. ஸ்கோப் ஒன்று. ஆறடி உயர ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரும் இருக்கிறார், ஐந்தடிக்கும் குறைவான பேக்கிங் பிரிவுத் தங்கச்சியும் இருக்கிறார். நேர்க்குழாயை ஆறடிக்காரர் கண்ணுக்கு ஏற்றினால் தங்கச்சிக்கு எட்டாது. தங்கச்சிக்கு இறக்கினால் ஆறடிக்காரர் முட்டியை மடக்கி, மூச்சை அடக்கி, பிருஷ்டத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நிலையில் யாரும் பத்து விநாடிக்கு மேல் பார்ப்பதில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் ட்ரைபாட்டின் காலை ஏற்றி இறக்கினால் ஒவ்வொரு முறையும் பறவை தப்பிவிடும். திரும்பத் தேட வேண்டும், தேடுவதற்குள் அது இரை எடுத்துக்கொண்டே இருபதடி நகர்ந்திருக்கும்.

சாய்ந்த வகையில் கண் வைக்கும் பகுதி 45 பாகை மேல்நோக்கி இருக்கும். கிணற்றடியில் குனிந்து பார்க்கிற மாதிரி லேசாகத் தலையைத் தாழ்த்தினால் போதும். குள்ளமானவரின் மோவாய் உயரத்துக்கு ஒரு தடவை நிறுத்திவிட்டால், மற்றவர்கள் அவரவர் உயரத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்துகொள்வார்கள். குழாயை யாரும் தொட வேண்டியதில்லை. தொடாததால் பறவையும் வட்டத்தை விட்டுப் போகாது. இன்னொரு வசதியும் உண்டு. நல்ல ஸ்கோப்புகளில் ட்ரைபாட்டோடு சேரும் இடத்தில் ஒரு வளையம் இருக்கும். அதன் திருகைத் தளர்த்திக் குழாயைத் தன் அச்சிலேயே பக்கவாட்டில் திருப்பலாம். கண் வைக்கும் பகுதி பக்கமாகச் சாய்ந்து இன்னும் கீழே வரும். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டும்.

நான்காம் வகுப்புப் பிள்ளை என்று சும்மா சொல்லவில்லை. கரையில் ட்ரைபாட்டை விரித்த ஐந்தாவது நிமிஷம் குப்பத்துப் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். ‘அண்ணா, என்னா தெரியுது? நானும் பாக்கட்டா?’ என்று கேட்பார்கள். நேர்க்குழாய் வைத்திருந்த ஒரு குழு அந்தப் பிள்ளைகளை என்ன செய்தது என்பதை நான் கண்ணால் கண்டேன். ஒரு பெண்குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்தார்கள். குழந்தை இரண்டு கையாலும் குழாயைப் பற்றிக்கொண்டது. பற்றிய வேகத்தில் குழாய் வானத்தைப் பார்த்தது. ‘ஒண்ணும் தெரியல, வெள்ளையா இருக்கு’ என்றது. இறக்கிவிட்டு, ‘சரி, போம்மா’ என்றார்கள். ஏரி முழுக்கப் பூநாரை நின்ற ஜனவரி மாதம். ஏரியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு வெளியூர்க்காரர்கள் காட்டியது வெறும் வெள்ளை. அது அவர்களுடைய கெட்ட எண்ணமில்லை, கருவியின் உயரம் செய்த வேலை. ஆனாலும் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுக்க ஆறவில்லை.

பழவேற்காட்டு மீனவர்களிடம் ‘பாடு’ முறை இருப்பது உங்களுக்குத் தெரியும். ஏரியின் நல்ல மீன்பிடி இடங்களை ஒருவரே பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று முறை வைத்து வலை இறக்குகிறார்கள். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் நடக்கிறது. சச்சரவு இல்லாமலில்லை, ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. அந்த ஏரிக்கரையில் நிற்கும் ஸ்கோப்பும் பாடு முறையில்தான் நிற்க வேண்டும். சொந்தக்காரரின் கண்ணுக்கு மட்டும் அளவெடுத்த கருவி அந்தக் கரைக்கு ஒத்துவராது.

காற்றையும் கணக்கில் எடுங்கள். கார்த்திகை, மார்கழியில் அங்கே வாடை எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரையில் மரமில்லை, சுவரில்லை. 40 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் குழாய், குழாயின் நடுக்கத்தையும் 40 மடங்காக்கித்தான் காட்டும். நின்றுகொண்டு நேர்க்குழாயில் பார்க்க, ட்ரைபாட்டின் காலை முழுக்க நீட்டி, போதாததற்கு நடுத்தண்டையும் மேலே ஏற்ற வேண்டியிருக்கும். நடுத்தண்டு ஏறிய ட்ரைபாட் ஒற்றைக்காலில் நிற்பதற்குச் சமம். சாய்ந்த வகைக்கு நடுத்தண்டைத் தொடவே வேண்டாம். காலின் கடைசிக் கணுவைக்கூட நீட்டாமல் விடலாம், அந்த மெல்லிய கணுதானே அதிகம் ஆடுகிறது. ட்ரைபாட்டின் கொக்கியில் தண்ணீர் பாட்டில் போட்ட பையை மாட்டிவிட்டால் இன்னும் அசையாது. மெஷின் பெட் சரியாக உட்காராவிட்டால் வேலை எப்படி வரும் என்று தினம் பார்க்கிற உங்களுக்கு இதை நான் விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம்.

சாய்ந்ததைப் பற்றி நீங்கள் சொல்லும் குறைகளை நான் மறைக்கப்போவதில்லை.

பறவை ஒரு பக்கம் இருக்க, கண் கீழே பார்க்கிறது, அதனால் முதலில் பறவையைப் பிடிப்பது கஷ்டம் என்கிறீர்கள். உண்மை. முதல் சில வாரம் எரிச்சல் வரும். இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. உங்கள் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் ஆளிடம் ஒரு கேபிள் டை கேளுங்கள். அதைக் குழாயின் முன்பக்கம் சுற்றி இறுக்குங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் வாலை வெட்டி, குண்டூசி அளவுக்குக் குத்திட்டு நிற்கும்படி விடுங்கள். பிறகு லைட்ஹவுஸ் குப்பத்துக் கலங்கரை விளக்கத்தையோ ஏதாவது மின்கம்பத்தையோ ஸ்கோப்பின் நடுவில் கொண்டுவந்து பூட்டிவிட்டு, குழாயின் மேலாகப் பார்த்தபடி அந்தத் துண்டை அதே கம்பத்துக்கு நேராக நகர்த்தி வையுங்கள். அவ்வளவுதான். இனி துண்டைப் பறவைக்கு நேராக வைத்தால் பறவை வட்டத்துக்குள் இருக்கும். ஆனால் தேடும்போது 20 மடங்கிலேயே தேடுங்கள். 60இல் வைத்துக்கொண்டு ஏரியைத் துழாவுவது வீண்.

மழையும் உப்புக்காற்றும் மேலே பார்த்திருக்கும் கண்ணாடியில் விழும் என்கிறீர்கள். அதுவும் உண்மைதான். பார்க்காத நேரத்தில் மூடி போடுங்கள். உப்பு படிந்தால் சட்டை நுனியால் தேய்க்காதீர்கள், உப்புத்துகள் கண்ணாடிப் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதித் தள்ளுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுங்கள்.

கார் ஜன்னலில் மாட்ட நேர்க்குழாய்தான் வசதி என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் உங்களில் யாரிடம் கார் இருக்கிறது? பைக்கில் இரண்டு பேர், நடுவில் ட்ரைபாட் என்றுதானே சுண்ணாம்புகுளம் ரோட்டில் போகிறீர்கள். பொன்னேரியில் ரயில் இறங்கிப் பழவேற்காடு பஸ் ஏறுகிறவர்களுக்கும் ஜன்னல் கிளிப்பால் பிரயோஜனமில்லை. பறந்து போகும் பருந்தைத் தொடர நேர்க்குழாய் சுலபம் என்பதும் சரிதான், அதற்கு பைனாகுலர் இன்னும் சுலபம். முக்கூர்த்தியிலோ வால்பாறையிலோ பாறை நுனியில் நின்று கீழ்ச்சரிவில் வரையாடு எண்ணும் வேலை உங்களுக்கு வாய்த்தால், அன்றைக்கு நேர்க்குழாயை இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். நானே சிபாரிசு செய்கிறேன்.

சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரிக்கு நடுவே ஓடுகிறது. அங்கே பூநாரை பார்க்க நிற்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். சாலையின் அந்தக் கோடியில் ராக்கெட் ஏவுதளம் இருக்கிறது. மூன்று காலில் நீண்ட குழாயை நிறுத்தி, ஒருவர் கண்ணைச் சுருக்கிக் குறிபார்த்துக்கொண்டிருப்பது தூரத்திலிருந்து பார்க்கிற காவலருக்கு எப்படித் தோன்றும்? குனிந்து பார்ப்பவரை யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். இதை ஒரு பெரிய வாதமாக நான் முன்வைக்கவில்லை. ஆனால் விசாரணையில் ஒரு மணி நேரம் போனால் வெளிச்சம் போய்விடும்.

வெளிச்சம் என்றதும் ஞாபகம் வருகிறது. நீங்கள் ஞாயிறு விடியற்காலையில் போகிறீர்கள். அண்ணாமலைச்சேரியும் சுண்ணாம்புகுளமும் ஏரியின் மேற்குக்கரை. காலையில் அங்கே நின்றால் சூரியன் நேர் எதிரே. எந்த ஸ்கோப்பானாலும் பறவை கறுப்பு நிழலாகத்தான் தெரியும். எவ்வளவு விலை கொடுத்தாலும் இது மாறாது. சூரியனுக்கு நேராகக் குழாயைத் திருப்பினால் கண்ணே போய்விடும், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது இரட்டிப்புக் கவனம் தேவை. முதல் ஷிப்டு முடிந்து இரண்டரைக்கு வெளியே வருகிறீர்களே, அந்த நேரம்தான் சரி. மூன்றரை, நான்கு மணிக்கு மேற்குக்கரையில் நின்றால் வெயில் உங்கள் முதுகில், ஒளி பறவையின் மார்பில். பட்டைவால் மூக்கனின் அலகு லேசாக மேல்நோக்கி வளைந்திருப்பதும், கருவால் மூக்கனின் அலகு நேராக ஓடுவதும் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். வளைமூக்கு உள்ளானையும் கொசு உள்ளானையும் பிரித்துச் சொல்வதும் அந்த வெளிச்சத்தில்தான்.

60 மடங்கு என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்தும் மயங்காதீர்கள். 80 மில்லிமீட்டர் முகப்பை 20 மடங்கால் வகுத்தால் 4 மில்லிமீட்டர். கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. 60ஆல் வகுத்தால் ஒன்றே கால் மில்லிமீட்டர் சொச்சம், படம் மங்கிவிடும். பத்து மணிக்கு மேல் சேற்றிலிருந்து கானல் எழும்பத் தொடங்கினால் 30க்கு மேல் எல்லாமே தண்ணீருக்குள் தெரிவது போல நெளியும். கண்ணாடி போட்டவர்கள் உங்கள் குழுவில் பலர். வாங்குமுன் அவர்களைக் கண்ணாடியோடு பார்க்கச் சொல்லி, வட்டம் முழுசாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். மொத்தப் பணத்தையும் குழாயில் கொட்டிவிட்டு ட்ரைபாட்டுக்குச் சில்லறை ஒதுக்காதீர்கள். வீடியோ எடுப்பவர்கள் வைத்திருக்கும், மெதுவாக வழுக்கி நகரும் ஹெட்டாகப் பார்த்து வாங்குங்கள். 65 மில்லிமீட்டர் குழாயோடு கனமான ட்ரைபாட், 80 மில்லிமீட்டர் குழாயோடு ஆடும் ட்ரைபாட்டைவிட எவ்வளவோ மேல்.

இவ்வளவு தூரம் ஒரு குழாய்க்காக ஏன் மன்றாடுகிறேன் என்று கேட்பீர்கள்.

ஏரிக்கரையில் ஸ்கோப் இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கிட்டே போகிறார்கள். வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்குகிறார்கள். தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றுநீரை வடிகட்டிக்கொண்டிருக்கும் பூநாரைக் கூட்டம் முதலில் கழுத்தை நிமிர்த்தும். பிறகு ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கும். அதற்கும் மேலே ஒருவர் கால் வைத்தால் கூட்டம் மொத்தமும் எழும். படம் அழகாக வரும். பறவைக்கு இரையும் போச்சு, தெம்பும் போச்சு. கிட்டே போகச் சிலர் படகு தேடுகிறார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேரின் உயிர் போன ஏரி அது. ஆடும் படகில் ஸ்கோப்பால் எதையும் பார்க்கவும் முடியாது. கரையிலேயே நின்று, பறவை தலை நிமிராத தூரத்திலிருந்து பார்ப்பதற்காகத்தான் இத்தனை செலவு.

இன்னொரு காரணமும் உண்டு, அது உங்களை மட்டுமே சேர்ந்தது. எண்ணூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை அனல்மின் நிலையம், துறைமுகம், உருக்காலை, ரசாயனத் தொழிற்சாலை என்று வரிசையாக நிற்கும் இடத்தில் உங்களுக்குச் சோறு கிடைக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, இறகெல்லாம் கறுத்து நின்ற கூழைக்கடாக்களை நாம் எல்லோரும் பார்த்தோம். இந்தக் கரையில் பெரிய திட்டம் எதைக் கட்டினாலும், விரிவாக்கினாலும், பெரும்பாலும் சுற்றுச்சூழல் அறிக்கையில் அங்கே என்னென்ன பறவை இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட வேண்டும். அந்தப் பட்டியலைச் சரியா தப்பா என்று சொல்ல எங்கோ இருந்து நிபுணர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வருஷம் முழுக்க இங்கேயே இருப்பவர்கள் நீங்கள்தான். ஆனால் ‘நிறைய பறவை இருந்திச்சு சார்’ என்று சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். இந்தத் தேதியில், இந்த இடத்தில், இந்த வகை உப்புக்கொத்தி இத்தனை என்று சொல்ல வேண்டும். இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும், கையகல உப்புக்கொத்திகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்ல பைனாகுலர் போதாது. காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வண்ணப் பட்டையின் எழுத்தைப் படிக்கவும் போதாது. ஒருவர் பார்த்துச் சொன்னதை இன்னொருவர் உடனே அதே குழாயில் குனிந்து சரிபார்க்க முடிந்தால்தான் அந்த எண்ணிக்கைக்கு மதிப்பு. எண்ணுவதில் இரண்டாவது கண் எவ்வளவு முக்கியம் என்பது க்யூசி பிரிவில் இருப்பவர்களுக்குத் தெரியாதா என்ன?

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒன்றுக்குப் பதில் நான்கு மலிவு நேர்க்குழாய் வாங்கலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். எல்லாப் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து, சாய்ந்த வகையில் ஒரு நல்ல ஸ்கோப், உறுதியான ஒரு ட்ரைபாட் வாங்குங்கள். அது ஒருவர் வீட்டிலேயே தங்கிவிடாமல், எந்த வாரம் யார் பொறுப்பு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நைட் ஷிப்டுக்காரர்களுக்கும் முறை வரும்படி எழுதுங்கள். கரையில் விரிக்கும்போது உங்களில் உயரம் குறைந்தவருக்கு ஏற்ப நிறுத்துங்கள், குப்பத்துப் பிள்ளைகள் வந்துவிட்டால் பக்கவாட்டில் திருப்பி இன்னும் இறக்குங்கள். அவர்கள் பார்த்து முடிக்கும்வரை உங்கள் பட்டியல் காத்திருக்கட்டும்.

ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வருகிறது. 1987 முதல் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் அதே மாதம்தான். அதற்கு இரண்டு மாதம் முன்பாவது ஸ்கோப் உங்கள் கைக்கு வந்தால்தான் கேபிள் டை கட்டி, பழகி, தவறி, திரும்பப் பழகி, கணக்கெடுப்பு நாளில் தடுமாறாமல் எண்ண முடியும். அப்படியென்றால் தீபாவளி போனஸ் வரும்போது முடிவு செய்துவிட வேண்டும். கடைக்குப் போகும்போது ஆறடிக்காரரையும் பேக்கிங் தங்கச்சியையும் கண்ணாடி போட்டவர் ஒருவரையும் சேர்த்து அழைத்துக்கொண்டு போங்கள். மூவரும் ட்ரைபாட்டைத் தொடாமல் மாறி மாறிப் பார்க்க முடிகிற ஸ்கோப்புக்கு மட்டும் பணத்தை எடுங்கள். என் பங்கையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், முதல் வாரத்தில் எனக்கு முறை வேண்டாம்.

அன்புடன்,
பொன்னேரியிலிருந்து உங்களில் ஒருவன்